விண்டோஸ் இல்லாத கணினியில் ஃபிளாஷ் கேசட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேம் பாய், கேம் பாய் அட்வான்ஸ், நின்டெண்டோ டிஎஸ் போன்ற பழைய கையடக்க விளையாட்டுக் கருவிகளை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறவர்களுக்காக இந்தப் பக்கம். அதிலும் லினக்ஸோ மேக்கோ பயன்படுத்துகிறவர்களுக்காக. ஃபிளாஷ் கேசட் வாங்கும் முன்னும் வாங்கிய பின்னும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையே இங்கே சேர்த்திருக்கிறேன். என் மேசையில் பல வருடங்களாக லினக்ஸ்தான். தங்கையிடம் மேக் இருக்கிறது. ஆகவே இரண்டையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

ஃபிளாஷ் கேசட் என்றால் என்ன?

கார்ட்ரிட்ஜ் என்பதை நாம் கேசட் என்று சொல்லித்தான் வளர்ந்தோம். இங்கேயும் அப்படியே சொல்கிறேன். கடையில் வாங்கிய கேசட்டில் ஒரே ஒரு விளையாட்டு, மாற்ற முடியாத சிப்பில் இருக்கும். ஃபிளாஷ் கேசட்டில் நாமே எழுதி, அழித்து, மறுபடி எழுதலாம். இப்போது வருகிறவற்றில் பெரும்பாலும் ஒரு மைக்ரோ எஸ்டி மெமரி கார்டு செருகும் இடம் இருக்கும். கார்டில் கோப்பைப் போட்டுக் கருவியை ஆன் செய்தால் ஒரு மெனு வரும். அதில் தேர்ந்தெடுத்ததும் கேசட் அந்த விளையாட்டைத் தன் உள்நினைவகத்தில் ஏற்றிக்கொண்டு, தானே அந்த அசல் கேசட் போல நடந்துகொள்ளும். பழைய கருவியைப் போல நடிக்கும் கணினி நிரலான எமுலேட்டரிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான். விளையாட்டு ஓடுவது அந்தப் பழைய கருவியின் சிப்பில், அதே திரையில், அதே பொத்தான்களில்.

இதில் கணினிக்கு என்ன வேலை? விண்டோஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

முழு விஷயமும் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. கேசட் வாங்கும்போது எல்லோரும் விலையைப் பார்க்கிறார்கள், சேவ் ஸ்டேட் (ஆட்டத்தை எந்தக் கணத்திலும் அப்படியே நிறுத்தி வைக்கும் வசதி) இருக்கிறதா, கடிகாரம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நீங்கள் அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்தக் கேசட் என் கணினியிடம் என்ன வேலை கேட்கிறது?

மூன்று வகை உண்டு. முதல் வகை மெமரி கார்டில் கோப்பை நகலெடுப்பதைத் தவிர வேறொன்றும் கேட்காது. அதற்கு எந்தக் கணினியும் போதும், கார்டு ரீடர் இருந்தால் சரி. இரண்டாவது வகை, ஒவ்வொரு விளையாட்டுக் கோப்பையும் தன் சொந்த மென்பொருள் வழியாகத் திருத்தித்தான் கார்டில் போட வேண்டும் என்று சொல்லும். மூன்றாவது வகையில் கார்டே கிடையாது. ஒரு கேபிள் மூலம் கணினியோடு இணைத்து, தனி டிரைவர் போட்டு, நேரடியாகச் சிப்பில் எழுத வேண்டும்.

இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அந்த மென்பொருளை விண்டோஸுக்கு மட்டும்தான் பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். அதுவும் இருபது வருடத்துக்கு முந்தைய விண்டோஸுக்கு. ஆக, முடிந்தவரை முதல் வகையை வாங்குங்கள். கொஞ்சம் கூடுதல் விலை கொடுத்தாலும் பரவாயில்லை. மென்பொருளே கேட்காத கேசட்டுக்கு மென்பொருள் காலாவதியாகும் கவலையும் இல்லை.

கேம் பாய் அட்வான்ஸுக்கு எதை வாங்கலாம்?

2001-இல் வந்த இந்தக் கருவிக்கு (சுருக்கமாக ஜிபிஏ) இன்று இரண்டு பெயர்கள் முன்னால் நிற்கின்றன: உக்ரைனைச் சேர்ந்த கிரிக்ஸ் தயாரிக்கும் எவர்டிரைவ் ஜிபிஏ எக்ஸ்5 மினி, அப்புறம் ஈஸி-ஃபிளாஷ் ஒமேகா வரிசை. இரண்டும் மேலே சொன்ன முதல் வகைதான். எவர்டிரைவில் அதன் சிஸ்டம் ஃபோல்டரைக் கார்டில் போட வேண்டும், அவ்வளவே. ஒமேகாவின் மென்பொருளைப் புதுப்பிக்கக்கூட விண்டோஸ் தேவையில்லை. கர்னல் கோப்பைக் கார்டின் மேல்மட்டத்தில் வைத்து, ஆர் பொத்தானை அழுத்திக்கொண்டே பவர் போட்டால் கருவியே புதுப்பித்துக்கொள்ளும்.

பழைய ஈஸி-ஃபிளாஷ் 4, பழைய சூப்பர்கார்ட் ஆகியவை கைமாற்று விலையில் மலிவாகக் கிடைக்கும். அவை இரண்டாவது வகை. ஏன் அந்தத் திருத்தம் தேவைப்பட்டது என்று தெரிந்துகொள்வது நல்லது. அசல் ஜிபிஏ கேசட்டுகள் சேவ் வைக்க ஒரே முறையைப் பயன்படுத்தவில்லை. சிலவற்றில் பேட்டரியோடு 32 கிலோபைட் எஸ்ராம், சிலவற்றில் 512 பைட் அல்லது 8 கிலோபைட் ஈஈப்ராம், சிலவற்றில் 64 அல்லது 128 கிலோபைட் ஃபிளாஷ். மலிவுக் கேசட்டில் எஸ்ராம் மட்டும்தான் இருக்கும். ஆகவே மற்ற முறைகளில் எழுதப்பட்ட விளையாட்டை எஸ்ராமில் சேவ் செய்யும்படி மாற்றி எழுத வேண்டும். புதிய கேசட்டுகள் இந்த வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசில் ஒரு பங்கு இதற்குத்தான்.

சாதாரண கேம் பாய்க்கும் கேம் பாய் கலருக்கும்?

எவர்டிரைவ் ஜிபி வரிசையும் ஈஸி-ஃபிளாஷ் ஜூனியரும் கார்டில் கோப்பைப் போட்டாலே போதும் என்ற வகை. எவர்டிரைவில் எக்ஸ்7 மாதிரியில் கடிகாரமும் சேவ் ஸ்டேட்டும் உண்டு. எக்ஸ்3-இல் அவை இல்லை. பகல் இரவு மாறும் விளையாட்டு ஆடுகிறவர் என்றால் கடிகாரம் உள்ளதைத்தான் வாங்க வேண்டும்.

எந்தக் கேசட் எந்தக் கருவியில் நுழையும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கேம் பாய் அட்வான்ஸும் அதன் எஸ்பி மாதிரியும் பழைய கேம் பாய் கேசட்டையும் ஏற்கும். கேம் பாய் மைக்ரோ ஏற்காது. டிஎஸ், டிஎஸ் லைட் இரண்டிலும் ஜிபிஏ கேசட்டுக்கு இடம் உண்டு, பழைய கேம் பாய் கேசட்டுக்கு இல்லை.

டிஎஸ்-க்கு ஆர்4 என்று விதவிதமாக விற்கிறார்களே?

இங்கே கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். முதலில் வந்த அசல் ஆர்4 நல்ல பொருள். ஆனால் 2 ஜிபி வரையுள்ள கார்டைத்தான் படிக்கும். இன்று 2 ஜிபி கார்டைத் தேடிப் பிடிப்பதே ஒரு வேலை. பிறகு அதே பெயரில் எத்தனையோ நகல்கள் வந்துவிட்டன. பெயர் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. ஒன்றின் மெனு மென்பொருள் இன்னொன்றில் ஓடாது. ஆகவே வாங்கிய உடனே கேசட்டின் ஒட்டியில் அச்சிட்டிருக்கும் பெயரையும் அதிலுள்ள இணைய முகவரியையும் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டி தேய்ந்துபோனால் எந்த மென்பொருள் பொருந்தும் என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

சில நகல்களின் மெனுவில் ஒரு தேதிக் கெடு வைத்திருக்கிறார்கள். கருவியின் கடிகாரம் அந்தத் தேதியைத் தாண்டியதும் கேசட் வேலை செய்ய மறுக்கும். கேசட் கெட்டுப்போய்விட்டது என்று தூக்கிப் போட்டவர்கள் உண்டு. முதலில் டிஎஸ்-இன் தேதியைச் சில வருடம் பின்னால் வைத்துப் பாருங்கள். திறந்துகொண்டால், அந்த மாதிரிக்குப் பொருந்தும் மாற்று மெனுவைத் தேடி ஏற்றிவிடலாம். இதற்கும் கணினியில் செய்ய வேண்டியது கோப்பு நகலெடுப்பது மட்டுமே.

ஆர்வலர்கள் எழுதிய டிஎஸ் நிரல்களை ஓட்டுகிறவர்கள் டிஎல்டிஐ என்ற சொல்லைச் சந்திப்பார்கள். ஒவ்வொரு கேசட்டும் தன் கார்டைப் படிக்கும் விதம் வேறு. நிரலுக்கு அந்த விதத்தைச் சொல்லிக் கொடுக்கும் சின்ன டிரைவர்தான் டிஎல்டிஐ. நிரல் கோப்புக்குள் அதை ஒட்ட வேண்டும். பெரும்பாலான மெனுக்கள் ஓட்டும்போதே ஒட்டிவிடும். ஒட்டாவிட்டால், அதற்கென்றே டிஎல்டிஐடூல் என்ற கட்டளைவரி நிரல் இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும்.

என்னிடம் இருப்பது டிஎஸ்ஐ அல்லது 3டிஎஸ். அதற்கு?

கேசட்டே வாங்க வேண்டாம். இரண்டிலும் எஸ்டி கார்டு செருகும் இடம் இருக்கிறது. ட்வைலைட் மெனு++ போன்ற திறந்த மூல மென்பொருளை அதிலேயே வைத்து ஓட்டலாம். தவிர, டிஎஸ்ஐ-யின் சிஸ்டம் அப்டேட்டுகள் பல பழைய ஃபிளாஷ் கேசட்டுகளை ஓடவிடாமல் தடுத்துவிட்டன.

இதெல்லாம் சட்டப்படி சரியா?

கேசட் என்பது வெறும் கருவி. அதில் என்ன போடுகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. ஆனால் கேசட் விற்பனையையே தடுத்த தீர்ப்புகளும் உண்டு: 2009-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றமும், 2010-இல் லண்டன் உயர் நீதிமன்றமும் ஆர்4 வகைக் கேசட் விற்றவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தன. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், கணினி நிரலின் பிரதியைச் சட்டப்படி வைத்திருப்பவர், இழப்போ சேதமோ நேர்ந்தால் தற்காலிகப் பாதுகாப்பாக மட்டும் பேக்கப் நகல் எடுத்துக்கொள்ள இடம் கொடுக்கிறது. இணையத்திலிருந்து பிறர் ஏற்றிய கோப்பை இறக்குவது அதில் அடங்காது.

என் நிலைப்பாடு இது: நான் காசு கொடுத்து வாங்கிய கேசட்டுகளை நானே நகலெடுக்கிறேன். மற்றபடி, ஆசிரியர்களே இலவசமாகவோ விலைக்கோ தரும் புதிய விளையாட்டுகளை ஆடுகிறேன். கோப்புகளை எங்கே இறக்கலாம் என்று இந்தப் பக்கத்தில் கேட்காதீர்கள்.

வீட்டில் ஏற்கெனவே பழைய கேசட் கிடக்கிறது. அதன் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டும். வைன் (விண்டோஸ் நிரல்களை லினக்ஸிலும் மேக்கிலும் ஓட்டும் மென்பொருள்) போட்டு ஓட்டலாமா?

பாதி சாத்தியம். மென்பொருள் கோப்பை மட்டும் திருத்துகிறது என்றால் வைனில் பெரும்பாலும் ஓடிவிடும். உள்ளே ஒரு கோப்பு, வெளியே ஒரு கோப்பு. அவ்வளவுதானே அதன் வேலை. ஆனால் கேபிள் வழியாகக் கேசட்டில் எழுதும் மென்பொருள் என்றால் அதற்கு விண்டோஸின் யூஎஸ்பி டிரைவர் வேண்டும். வைன் அந்த டிரைவரை ஏற்றாது. அதற்கு விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் ஓடும் இன்னொரு கணினி போன்ற மென்பொருள்) விண்டோஸ் போட்டு, அந்த யூஎஸ்பி இணைப்பை அப்படியே உள்ளே திருப்பிவிட வேண்டும். இன்டெல் சிப் உள்ள கணினியில் இது நடக்கும். ஆப்பிளின் சொந்தச் சிப் உள்ள புதிய மேக்கில் ஓடுவது ஏஆர்எம் விண்டோஸ். பழைய டிரைவர் அதில் ஏறாது. மேக்குக்கென்றே அந்தக் காலத்தில் எழுதப்பட்ட மென்பொருளும் உதவாது. 2019-இல் வந்த கேட்டலீனாவிலிருந்து 32 பிட் நிரல்களை மேக் ஓட்டுவதில்லை.

அந்தக் கால ஃபிளாஷ் 2 அட்வான்ஸ் கேசட் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி. அதன் யூஎஸ்பி கேபிளுக்கு இஃப்2ஏ என்று ஒரு திறந்த மூல நிரலை லினக்ஸ்காரர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மெமரி கார்டை எப்படி ஃபார்மட் செய்வது?

ஃபாட்32. கிளஸ்டர் (கார்டில் இடம் ஒதுக்கும் துண்டு) அளவு 32 கிலோபைட். பகிர்வு முறை எம்பிஆர் (மாஸ்டர் பூட் ரெக்கார்டு). இந்த மூன்றும் சரியாக இருந்தால் பெரும்பாலான கேசட்டுகள் கார்டை ஏற்றுக்கொள்ளும்.

32 ஜிபி வரையுள்ள கார்டு கடையிலிருந்து வரும்போதே பெரும்பாலும் ஃபாட்32-ஆகத்தான் இருக்கும். 64 ஜிபியும் அதற்கு மேலும் எக்ஸ்ஃபாட்டில் வரும். பல கேசட்டுகளுக்கு அது புரியாது. பெரிய கார்டு வாங்கவே தேவையில்லை என்பது என் எண்ணம். மிகப் பெரிய ஜிபிஏ விளையாட்டே சாதாரணமாக 32 எம்பிதான். 8 ஜிபி கார்டில் எத்தனை அடங்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

லினக்ஸில் முதலில் எல்எஸ்பிஎல்கே (lsblk) கட்டளை கொடுத்து எது உங்கள் கார்டு என்று அளவை வைத்து உறுதி செய்யுங்கள். இரண்டு தடவை பாருங்கள். தப்பான எழுத்தைக் கொடுத்தால் உங்கள் ஹார்டு டிஸ்க் காலி. பிறகு கார்டை அன்மவுன்ட் செய்துவிட்டு எம்கேஎஃப்எஸ் விஃபாட் கட்டளையில் ஃபாட் அளவு 32, கிளஸ்டருக்கு 64 செக்டர் என்று (mkfs.vfat -F 32 -s 64) கொடுங்கள். ஒரு செக்டர் 512 பைட், ஆகவே 64 செக்டர் என்றால் 32 கிலோபைட்.

மேக்கில் டிஸ்க் யுடிலிட்டியைத் திறந்ததும் இடப்பக்கப் பட்டியலில் எல்லாச் சாதனங்களையும் காட்டும்படி மாற்றிவிட்டு, கார்டின் பகிர்வை அல்ல, கார்டையே தேர்ந்தெடுங்கள். எம்எஸ்-டாஸ் ஃபாட் என்றும், திட்டம் என்ற இடத்தில் மாஸ்டர் பூட் ரெக்கார்டு என்றும் கொடுக்க வேண்டும். அங்கே ஜியூஐடி என்று விட்டுவிட்டால் மேக்கில் கார்டு அழகாகத் திறக்கும், கேசட்டில் திறக்காது. தங்கை இதில் ஒரு மாலை முழுவதும் மாட்டிக்கொண்டாள். இந்தத் தலைவலி வேண்டாம் என்றால் எஸ்டி அசோசியேஷனே வெளியிடும் இலவச ஃபார்மட் மென்பொருள் மேக்குக்கும் கிடைக்கிறது.

மேக்கில் நகலெடுத்த பிறகு மெனுவில் ஒவ்வொரு விளையாட்டும் இரண்டு தடவை தெரிகிறதே?

ஒன்று உண்மையானது. இன்னொன்றின் பெயர் புள்ளியும் அடிக்கோடுமாகத் தொடங்கும். அதைத் திறந்தால் திரை வெள்ளையாகவோ கறுப்பாகவோ நின்றுவிடும். கோப்பைப் பற்றிய கூடுதல் தகவல்களை ஃபாட்32-இல் வைக்க வழியில்லாததால் மேக் அவற்றைத் தனிச் சிறு கோப்பாகப் பக்கத்தில் எழுதி வைக்கிறது. ஃபைண்டரில் அவை கண்ணில் படாது. கேசட்டின் மெனுவுக்கோ மறைந்த கோப்பு, மறையாத கோப்பு என்ற பேதம் தெரியாது. பெயரின் கடைசியைப் பார்த்துப் பட்டியலில் சேர்த்துவிடும்.

நகலெடுத்து முடித்ததும் டெர்மினலில் டாட்_கிளீன் கட்டளையை -m என்ற விருப்பத்தோடு (dot_clean -m) கொடுத்து, ஒரு இடைவெளி விட்டு, கார்டின் படத்தை ஃபைண்டரிலிருந்து இழுத்து டெர்மினலுக்குள் போடுங்கள். முகவரி தானாக வந்து விழும். என்டர் தட்டினால் அந்தக் கோப்புகள் போய்விடும். பிறகு உடனே கார்டை வெளியேற்றுங்கள். திரும்ப ஃபைண்டரில் திறந்து பார்த்துக்கொண்டிருந்தால் வேறு சில மறைகோப்புகள் மறுபடி வந்து சேரும்.

லினக்ஸில் நகலெடுப்பது ஒரு நொடியில் முடிந்துவிடுகிறதே, அவ்வளவு வேகமா?

முடியவில்லை. லினக்ஸ் முதலில் கோப்பை ராமில் வாங்கி வைத்துக்கொண்டு "ஆயிற்று" என்று சொல்லிவிடும். கார்டில் எழுதும் வேலை பின்னால் மெதுவாக நடந்துகொண்டிருக்கும். இதை நான் தெரிந்துகொண்ட விதம் வலி மிகுந்தது. ஒரு நாள் இரவு, மூன்று மாதமாக ஆடிய விளையாட்டின் சேவ் கோப்பைக் கணினிக்கு எடுத்து, அதன் பெயரை ஒழுங்குபடுத்தி, திரும்பக் கார்டில் போட்டேன். திரையில் பட்டை முழுதாக நிரம்பியது. கார்டு ரீடரின் சின்னச் சிவப்பு விளக்கு இன்னும் மினுமினுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் கார்டை உருவினேன். கேசட்டில் போட்டால் புது ஆட்டம் மட்டும்தான் வந்தது. கணினியில் திறந்து பார்த்தால் சேவ் கோப்பின் அளவு 0 பைட். கணினியில் ஒரு பிரதி வைத்திருக்கலாம். நான் கோப்பை நகர்த்தியிருந்தேன், நகலெடுக்கவில்லை.

ஆகவே இரண்டு பழக்கம். எப்போதும் "வெளியேற்று" பொத்தானை அழுத்தி, அது விடை சொல்லும் வரை காத்திருங்கள். டெர்மினலில் என்றால் சிங்க் (sync) கட்டளை கொடுங்கள், அது திரும்பி வந்தால்தான் எழுதி முடிந்தது என்று பொருள். அப்புறம், சேவ் கோப்புகளை ஒருபோதும் நகர்த்தாதீர்கள், நகலெடுங்கள். நான் இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் சேவ் ஃபோல்டரை மட்டும் தேதியிட்ட ஒரு ஃபோல்டருக்குள் நகலெடுத்து வைக்கிறேன். எல்லாம் சேர்ந்தும் சில எம்பிதான்.

கார்டு போலியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கேசட்டோடு இலவசமாக வரும் கார்டை நம்ப வேண்டாம். 32 ஜிபி என்று எழுதியிருக்கும், உள்ளே 4 ஜிபிதான் இருக்கும். அதைத் தாண்டி எழுதியதெல்லாம் காற்றில் போகும். லினக்ஸிலும் மேக்கிலும் எஃப்3 என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எஃப்3ரைட் கார்டு முழுவதையும் நிரப்பும், எஃப்3ரீட் அதைத் திரும்பப் படித்து எவ்வளவு கெட்டிருக்கிறது என்று சொல்லும். நேரம் பிடிக்கும். புதுக் கார்டு வாங்கியதும் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள்.

மெனுவில் பெயர்கள் அகர வரிசையில் வரவில்லையே?

சில கேசட்டுகள் தாங்கள் வரிசைப்படுத்துவதில்லை. கார்டில் எந்த வரிசையில் எழுதப்பட்டதோ அப்படியே காட்டும். லினக்ஸில் ஃபாட்சார்ட் என்ற நிரல் அதைச் சரிசெய்யும். கார்டை அன்மவுன்ட் செய்த பிறகே ஓட்டுங்கள்.

என் சொந்தக் கேசட்டுகளை நானே நகலெடுக்க என்ன கருவி வாங்க வேண்டும்?

விண்டோஸ் இல்லாதவர்களுக்கு இன்று நல்ல காலம். நான் பரிந்துரைப்பது ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ என்ற சிறிய கருவியும் ஃபிளாஷ்ஜிபிஎக்ஸ் என்ற திறந்த மூல மென்பொருளும். இது பைத்தானில் எழுதப்பட்டது. லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் ஓடும். கேசட்டின் விளையாட்டை எடுக்கலாம், சேவ் கோப்பை எடுக்கலாம், அதைத் திரும்ப எழுதலாம், எழுதக்கூடிய கேசட் என்றால் புதிதாகவும் எழுதலாம். எடுத்த நகல் சரியானதா என்று தன் பட்டியலோடு ஒப்பிட்டும் சொல்லும்.

மென்பொருளே வேண்டாம் என்கிறவர்களுக்கு ஜோயி ஜூனியர். கணினியில் செருகினால் பென் டிரைவ் போலத் தெரியும். உள்ளே விளையாட்டு ஒரு கோப்பாகவும் சேவ் ஒரு கோப்பாகவும் இருக்கும், இழுத்துப் போட்டுக்கொள்ளலாம். எபிலாக் நிறுவனத்தின் ஜிபி ஆபரேட்டர் பார்க்க அழகானது. அதன் மென்பொருள் லினக்ஸுக்கும் மேக்குக்கும் இருக்கிறது. கருவியில் கேசட்டைச் செருகிக் கணினியிலேயே ஆடலாம். ஆனால் நான் திறந்த மூலத்தின் பக்கம்தான் நிற்பேன். நிறுவனம் நாளை வேறு வேலைக்குப் போய்விட்டாலும் பைத்தான் கோப்புகள் என் கணினியில் இருக்கும்.

இதைத் தள்ளிப் போடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பழைய கேம் பாய் கேசட்டின் சேவ் ஒரு பட்டன் பேட்டரியின் உயிரில் இருக்கிறது. அது தீர்ந்த நாள் சேவும் தீர்ந்தது. கடிகாரம் உள்ள கேசட்டில் இன்னும் சீக்கிரம். முதலில் சேவ் கோப்பை எடுங்கள், பேட்டரி மாற்றுவதெல்லாம் பிறகு.

கருவியைச் செருகினேன், ஃபிளாஷ்ஜிபிஎக்ஸ் எதையும் காணோம் என்கிறது.

லினக்ஸில் பெரும்பாலும் அனுமதிப் பிரச்சினை. உபுண்டு, டெபியன் என்றால் உங்கள் பயனர் பெயரை டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டும். ஆர்ச் என்றால் யூயூசிபி குழு. சேர்த்த பிறகு லாகவுட் செய்து மறுபடி நுழையுங்கள், இல்லாவிட்டால் மாற்றம் பிடிக்காது.

உபுண்டு 22.04-இல் இன்னொரு சிக்கல் இருந்தது. இந்தக் கருவிகளில் இருக்கும் சிஎச்340 என்ற சிப்பைப் பிஆர்எல்டிடிஒய் (brltty) என்ற சேவை, பிரெய்ல் திரை என்று நினைத்துப் பிடித்துக்கொள்ளும். செருகியதும் போர்ட் ஒரு கணம் தோன்றி மறைந்தால் இதுதான் காரணம். வீட்டில் பிரெய்ல் திரை பயன்படுத்துகிறவர் யாரும் இல்லை என்றால் அந்தத் தொகுப்பை நீக்கிவிடலாம். இருந்தால் நீக்காதீர்கள், பார்வையற்றவருக்குக் கணினியே அந்தச் சேவை வழியாகத்தான். அந்த ஒரு சிப்பை மட்டும் விட்டுவிடும்படி அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

அதற்கும் சரிவரவில்லை என்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிள் வீட்டில் எத்தனை கிடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும்.

நகலெடுக்கும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்?

மின்னழுத்தத்தில். கேம் பாய் கேசட்டுக்கு 5 வோல்ட், ஜிபிஏ கேசட்டுக்கு 3.3 வோல்ட். சில கருவிகளில் இதை மாற்றக் கையால் தள்ளும் சுவிட்ச் இருக்கும். கேசட்டைச் செருகும் முன்பு சுவிட்சைப் பாருங்கள். 5 வோல்ட்டில் ஜிபிஏ கேசட்டை வைத்தால் சிப் கெட வாய்ப்பிருக்கிறது.

அடுத்து அழுக்கு. கேசட்டின் அடிப்புறத்தில் தெரியும் பொன்னிறக் கம்பிகளைக் காது துடைக்கும் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டு மெதுவாகத் துடையுங்கள். முதல் தடவை பஞ்சு கறுப்பாகிவிடும். வெள்ளையாகவே திரும்பும் வரை பஞ்சை மாற்றி மாற்றித் துடையுங்கள். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் கம்பியை அரிக்கும்.

ஒரே கேசட்டை இரண்டு முறை நகலெடுத்து இரண்டு கோப்புகளின் எஸ்எச்ஏ1 எண்ணையும் (கோப்பின் கைரேகை போன்றது) ஒப்பிடுங்கள். லினக்ஸில் அதற்கு எஸ்எச்ஏ1சம், மேக்கில் எஸ்எச்ஏசம். இரண்டும் ஒன்றாக வராவிட்டால் மறுபடி துடைக்க வேண்டும்.

எமுலேட்டரில் ஆடிய சேவ் கோப்பைக் கேசட்டுக்குக் கொண்டுபோக முடியுமா?

முடியும். எம்ஜிபிஏ போன்ற எமுலேட்டர்கள் எழுதும் சேவும் கேசட் எழுதும் சேவும் உள்ளே ஒன்றுதான். விளையாட்டின் பெயரும் சேவின் பெயரும் ஒத்திருக்க வேண்டும், கேசட் எதிர்பார்க்கும் ஃபோல்டரில் இருக்க வேண்டும். கடிகாரம் உள்ள விளையாட்டுகளில் மட்டும் எமுலேட்டர், நேரத் தகவலைச் சில பைட்டுகளாகக் கோப்பின் கடைசியில் ஒட்டியிருக்கும். 32,768 பைட் இருக்க வேண்டிய கோப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அதுதான். கேசட் ஏற்க மறுத்தால், ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, ஹெட் (head -c) கட்டளையால் முதல் 32,768 பைட்டை மட்டும் தனிக் கோப்பாக எடுத்துக் கொடுங்கள்.

எமுலேட்டரின் சேவ் ஸ்டேட் வேறு, விளையாட்டுக்குள் செய்யும் சேவ் வேறு. ஸ்டேட்டைக் கேசட் புரிந்துகொள்ளாது.

குரோம்புக் மட்டும் இருக்கிறது. போதுமா?

கார்டு வகைக் கேசட்டுக்குத் தாராளமாகப் போதும். கோப்புகள் செயலியிலேயே கார்டை ஃபாட்32-ஆக ஃபார்மட் செய்யலாம்.

நானே ஒரு விளையாட்டு எழுதிக் கேசட்டில் போட்டுப் பார்க்கலாமா?

இந்தக் கேள்வியை இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும் என்பது என் ஆசை. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு ஜிபி ஸ்டூடியோ. லினக்ஸிலும் மேக்கிலும் ஓடும், படங்களை அடுக்கிக் காட்சிகளை இணைத்தே ஒரு கேம் பாய் விளையாட்டை உருவாக்கிவிடலாம். சி மொழி தெரிந்தவர்களுக்கு ஜிபிடிகே-2020, அசெம்பிளிக்கு ஆர்ஜிபிடிஎஸ், ஜிபிஏ-வுக்கும் டிஎஸ்-க்கும் டெவ்கிட்புரோ. எல்லாம் இலவசம், எதற்கும் விண்டோஸ் தேவையில்லை.

எமுலேட்டரில் ஓடியது உண்மையான கருவியில் ஓடவில்லை என்றால் முதலில் தலைப்புப் பகுதியைப் பாருங்கள். கேம் பாய் ஆன் ஆனதும் கேசட்டிலிருந்து நின்டெண்டோ சின்னத்தைப் படித்து, தலைப்புப் பகுதியின் கூட்டுத்தொகையையும் சரிபார்த்துவிட்டுத்தான் உள்ளே விடும். ஆர்ஜிபிஃபிக்ஸ் அதைச் சரிசெய்து தரும், ஜிபிஏ-வுக்கு ஜிபிஏஃபிக்ஸ்.

தமிழில் வசனம் வைக்க நினைக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். கேம் பாயின் திரை 160-க்கு 144 புள்ளி, அது 8-க்கு 8 புள்ளி கொண்ட கட்டங்களாகப் பிரிந்திருக்கிறது. அகலத்தில் 20 கட்டம், உயரத்தில் 18. ஆங்கில எழுத்து ஒரு கட்டத்தில் அடங்கிவிடும். நம் "ண", "ஞ" அடங்காது. "கொ" என்று எழுத மூன்று துண்டு வேண்டும். நான் ஒவ்வோர் எழுத்துக்கும் இரண்டு கட்ட அகலம், இரண்டு கட்ட உயரம் ஒதுக்கி வரைந்து பார்த்தேன். ஒரு வரியில் பத்து எழுத்துதான் வந்தது. ஆனாலும் "கதவு பூட்டியிருக்கிறது" என்ற வாக்கியம் அந்தப் பச்சைத் திரையில் இரண்டு வரியாக ஒளிர்ந்தபோது நான் கொஞ்ச நேரம் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. கோப்பின் பெயரை மட்டும் ஆங்கில எழுத்தில் வையுங்கள். கேசட்டின் மெனுவில் தமிழ் எழுத்துரு கிடையாது, பெயர் இருக்கும் இடத்தில் கட்டங்களும் கேள்விக்குறிகளும்தான் தெரியும்.